குன்னூர் 'வரை', ஐந்து மணி 'வரை': ஆங்கிலத்தில் தூரமும் காலமும்

ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் (IELTS) பேச்சுத் தேர்வின் முதல் பகுதியில் சொந்த ஊரைப் பற்றிக் கேட்பது வழக்கம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல விஷயம் நிறைய உண்டு. தடுமாறுவது தூரத்தையும் காலத்தையும் சொல்லும்போதுதான். தமிழில் ஒரே சொல் இரண்டுக்கும் வேலை செய்கிறது: 'குன்னூர் வரை', 'ஐந்து மணி வரை', 'கடைக்கு முன்', 'பத்து வருஷத்துக்கு முன்'. ஆங்கிலம் இவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது.

நேரத்துக்கு 'டில்', இடத்துக்கு 'ஆஸ் ஃபார் ஆஸ்'. 'தி பஸ் கோஸ் டில் குன்னூர்' என்பது பிழை. 'ஆஸ் ஃபார் ஆஸ் குன்னூர்' என்க. 'இருந்து' என்பதும் இப்படித்தான். 'ஐ ஆம் லிவிங் ஹியர் ஃப்ரம் 2018' என்று வாயில் வரும். சரியானது 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் சின்ஸ் 2018'.

அதிகம் சறுக்குவது காலத்துக்கான 'முன்' என்பதைச் சொல்லும் 'அகோ'வில் (ago). மலை ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த பாதை 1899-ல் குன்னூரையும் 1908-ல் ஊட்டியையும் எட்டியது. 1899-ஐச் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்தில் 'நைன் இயர்ஸ் லேட்டர் இட் ரீச்ட் ஊட்டி' என்று தொடரலாம். 1908-லிருந்து பின்னோக்கிப் போனால் 'நைன் இயர்ஸ் எர்லியர்'. அங்கே 'நைன் இயர்ஸ் அகோ' என்றால் இன்றைக்கு ஒன்பது வருஷத்துக்கு முன் என்றாகிவிடும். 'அகோ' எப்போதும் பேசுகிற நொடியிலிருந்துதான் எண்ணும். அதனால்தான் அதோடு 'ஹேவ் சீன்' ஒட்டாது; 'ஐ சா இட் டூ இயர்ஸ் அகோ' என்றே சொல்ல வேண்டும்.

இன்னும் இரண்டு மணி நேரத்தில் வருவேன் என்பதற்கு 'இன் டூ ஹவர்ஸ்'. 'ஆஃப்டர் டூ ஹவர்ஸ்' நடந்து முடிந்ததைச் சொல்லப் பொருந்தும்.

தூரத்தை எண்ணோடு சொன்னால் 'அவே': 'நைன்டீன் கிலோமீட்டர்ஸ் அவே'. அந்த இடத்தில் 'ஃபார்' (far) வராது. தனியாக வரும் 'ஃபார்' கேள்விக்கும் மறுப்புக்கும் இயல்பு: 'இஸ் இட் ஃபார்?', 'இட் இஸ் நாட் ஃபார்'. தூரம்தான் என்று ஒப்புக்கொள்ளும்போது 'இட்ஸ் எ லாங் வே' காதுக்கு இதம்.

மலையில் யாரும் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை, கொண்டைஊசி வளைவுகள் அப்படி. 'ஹவ் ஃபார்' என்று கேட்டால் 'அபவுட் அன் ஹவர் அவே' என்று தயங்காமல் சொல்லலாம். ஆங்கிலத்திலும் அது இயல்பான பதில். 'எ டூ-ஹவர் டிரைவ்' என்னும்போது மட்டும் 'ஹவர்' ஒருமையில் நிற்கும்.

'நியர் டு ஊட்டி' வேண்டாம். 'நியர் ஊட்டி' அல்லது 'க்ளோஸ் டு ஊட்டி'.

இரண்டாம் பகுதியில் குறிப்பெடுக்க ஒரு நிமிடம் தருவார்கள். ஆண்டுகளைக் குறிக்கும்போது பக்கத்திலேயே ஓர் அம்புக்குறி போடுங்கள். அம்பு இன்றைய நாளிலிருந்து கிளம்பினால் 'அகோ'; வேறோர் ஆண்டிலிருந்து கிளம்பினால் 'லேட்டர்' அல்லது 'எர்லியர்'.