நாலாவது இடம்

பிப்ரவரி 16, 2017, விடியற்காலை

5-1.

பிப்ரவரி 16, இரவு

காலையில் அதற்குமேல் எழுத ஓடவில்லை.

சாம்பியன்ஸ் லீகின் கடைசிப் பதினாறு, முதல் ஆட்டம். பயர்ன் மியூனிக்கிடம் நம் ஆர்சனல். இடைவேளை வரை 1-1. அதை யாராவது நினைவில் வைத்திருப்பார்களா? பயர்னின் ராபன் வலது பக்கம் பந்தை வாங்கி, உள்ளே வெட்டி, இடது காலால் அடித்தார். பத்து வருஷமாக அவர் அடிக்கும் அதே கோல். அதற்குத்தான் நம் ஆட்கள் வழிவிட்டு நின்றார்கள். அப்புறம் நம் அலெக்ஸிஸின் பெனால்ட்டியை அவர்கள் கோல்கீப்பர் நோயர் தடுத்தார். திரும்பி வந்த பந்தை விடாமல் துரத்தி அலெக்ஸிஸ் உள்ளே தள்ளினார். அந்த ஒரு கோலில் இருந்த வெறி மற்ற பத்துப் பேரிடமும் கொஞ்சம் இருந்திருந்தால்!

இரண்டாம் பாதி தொடங்கியதும் நம் தடுப்பாட்டக்காரர் கோசியெல்னி காயத்தோடு வெளியே போனார். அடுத்த பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் மூன்று கோல். ஒரு ஆள் போனதும் மொத்தத் தடுப்பும் சரிகிறது என்றால் அது அந்த ஆளின் பெருமை மட்டும் இல்லை. மற்றவர்களுக்கு யார் எங்கே நிற்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை என்று அர்த்தம்.

அண்ணன் ஒரு வார்த்தையும் அனுப்பவில்லை. அவனும் பார்த்திருப்பான்.

பிப்ரவரி 17

ஒப்பந்தத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று நம் மேனேஜர் வெங்கர் மார்ச்சிலோ ஏப்ரலிலோ முடிவு சொல்வாராம். அடுத்த வருஷமும் மேனேஜராக இருப்பாராம், இங்கே இல்லாவிட்டால் வேறெங்காவது.

அப்படியானால் அதுவரை என்ன? காத்திருப்பதுதான்.

பிப்ரவரி 21

எஃப்.ஏ. கோப்பையில் சட்டனை 2-0. ஐந்தாம் நிலையில் ஆடுகிற அணி. வால்காட்டுக்கு நூறாவது கோல். படுத்துவிட்டேன்.

பிப்ரவரி 25

பார்சிலோனா, மிலான், பயர்ன், பயர்ன், மொனாக்கோ, பார்சிலோனா. 2011-லிருந்து வரிசையாகச் சாம்பியன்ஸ் லீகின் கடைசிப் பதினாறிலேயே வெளியே. இப்போது மறுபடி பயர்ன், இரண்டாவது ஆட்டம் பாக்கி இருக்கிறது என்று பெயருக்குச் சொல்லலாம்.

ஒவ்வொரு முறையும் காரணம் இருந்தது. அதிர்ஷ்டம் இல்லை, குலுக்கலில் பெரிய அணி வந்துவிட்டது, ரெஃப்ரி சரியில்லை, முக்கியமான ஆள் காயம். மொனாக்கோவுக்கு என்ன காரணம் சொல்வது? அந்தக் குலுக்கலில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். நம் மைதானத்திலேயே 3-1.

மார்ச் 5

லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் அலெக்ஸிஸ் பெஞ்சில். அந்த அணிப்பட்டியல் வந்தபோது அச்சுப் பிழை என்றே நினைத்தேன். நேராக, உயரமாகப் பந்து போட்டு ஆடத் திட்டமாம், அதற்கு ஜிரூவும் வெல்பெக்குமாம். இடைவேளைக்குள் 2-0. பிறகு அவரைத்தான் இறக்க வேண்டியிருந்தது. வந்ததும் வெல்பெக்குக்கு அவர்தான் பந்து கொடுத்தார். முடிவு 3-1.

அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். "ஏன்டா, இருபது வருஷம் பண்ணினவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு?" என்றான். இருபது வருஷம். பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது.

எனக்கும் தெரியும் அந்த இருபது வருஷம். வெங்கரின் பழைய அணியிலிருந்த வியராவை எனக்குக் காட்டியதே இவன்தான். ஹென்றி இடது பக்கமிருந்து ஓடி வந்து தூரத்துக் கம்பத்துக்கு உருட்டுவதை ஒரு பழைய வீடியோவில் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினான். 2003-04-இல் 38 ஆட்டம், 26 வெற்றி, 12 டிரா, தோல்வியே இல்லை. லீகில் தொடர்ந்து 49 ஆட்டம். அந்த மனிதரின் அணியைப் பார்த்துத்தான் நான் கால்பந்து என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். அதனால்தான் கேட்கிறேன். தெரியாதவன் கேட்கவில்லை.

மார்ச் 8

பயர்னிடம் மறுபடி 5-1. கூட்டினால் 10-2.

ஆட்டத்துக்கு முன்னால் நம் பழைய மைதானம் ஹைபரியிலிருந்து ரசிகர்கள் ஊர்வலம் போனார்கள். வால்காட் கோல் அடித்த பிறகு ஒரு அரை மணி நேரம் உண்மையிலேயே நன்றாக ஆடினோம். கோசியெல்னிக்கு முதலில் மஞ்சள் அட்டை காட்டிவிட்டு அப்புறம் சிவப்பாக மாற்றினார்கள். அதன்பிறகு யாரும் ஓடவில்லை. கடைசியில் மைதானத்தில் நாற்காலிகள்தான் தெரிந்தன.

பெஞ்சில் அலெக்ஸிஸ் சிரிக்கிற படம் எல்லா இடத்திலும் சுற்றுகிறது. என்ன நினைத்துச் சிரித்தாரோ. அதைப் பார்க்கவே முடியவில்லை. அவருடைய ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி.

மார்ச் 11

எஃப்.ஏ. கோப்பையில் லிங்கனை 5-0. வெம்ப்ளி அரையிறுதி. சரி.

மார்ச் 18

வெஸ்ட் பிராம் 3, நாம் 1. இரண்டு கோல் கார்னரிலிருந்து, இரண்டும் டாசனின் தலை. வானத்தில் விமானம், அதில் வெங்கருக்கு ஒப்பந்தம் வேண்டாம் என்று பேனர். கொஞ்ச நேரத்தில் இன்னொரு விமானம், வெங்கரை மதிப்போம் என்று. ஒரே கிளப்பின் ரசிகர்கள் காசு திரட்டி ஒருவரை ஒருவர் வானத்தில் திட்டிக்கொள்கிறோம். கீழே டாசனை யாரும் மார்க் பண்ணவில்லை.

முடிவு எடுத்துவிட்டாராம், சீக்கிரம் தெரியுமாம்.

எது சீக்கிரம்?

மார்ச் 24

லீக் ஆட்டம் இல்லாத வாரம். நிம்மதி. இப்படி எழுத வேண்டி வரும் என்று நினைத்ததே இல்லை.

மார்ச் 26

அண்ணனோடு நீளமாகப் பேசினேன். அவன் சொல்வதை இங்கே நேர்மையாகவே எழுதி வைக்கிறேன்.

2006-இல் புது மைதானத்துக்கு வந்தோம். கட்ட 39 கோடி பவுண்ட். கடன் அடைக்க வருஷா வருஷம் ஆட்களை விற்க வேண்டியிருந்தது. ஹென்றி போனார், ஃபாப்ரிகாஸ் போனார், நஸ்ரி போனார், வான் பெர்சி மான்செஸ்டர் யுனைடெட்டுக்கே போனார். அந்தப்பக்கம் செல்சிக்கும் மான்செஸ்டர் சிட்டிக்கும் பணம் கொட்டியது. அந்த நிலைமையில் ஒவ்வொரு வருஷமும் லீகில், சாம்பியன்ஸ் லீகுக்கு வழிவிடுகிற முதல் நாலு இடத்துக்குள் வைத்திருந்தாரே, அது சாதனை இல்லையா? வேறு எந்த மேனேஜர் அந்தப் பட்ஜெட்டில் அதைச் செய்திருப்பார்?

ஒத்துக்கொள்கிறேன். சாதனைதான். அவர் பட்ட கஷ்டத்துக்கு அப்போது யாரும் நன்றி சொல்லவில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த வருஷங்களில்தான் ஏதோ ஒன்று மாறிவிட்டது. முதல் நாலு இடம் ஒரு கோப்பை மாதிரி என்று 2012-இல் அவரே சொன்னார். நெருக்கடியில் சொன்ன வார்த்தை. நெருக்கடி தீர்ந்தது, 2013-இல் ஓசில் வந்தார், அடுத்த வருஷம் அலெக்ஸிஸ் வந்தார், வார்த்தை மட்டும் போகவில்லை. ஒண்ட வந்த வாடகை வீடே சொந்த வீடாகிவிட்டது. 2015 கோடையில் கோல்கீப்பர் செக் மட்டும் வந்தார், களத்தில் ஆட ஒரே ஒரு ஆள்கூட வாங்கவில்லை. அடுத்த மே மாதம் லெஸ்டர் கோப்பையைத் தூக்கியது. செல்சி பத்தாவது, சிட்டி நாலாவது, யுனைடெட் ஐந்தாவது என்று எல்லோரும் சேர்ந்து வழிவிட்ட வருஷம் அது. லெஸ்டரை இரண்டு முறையும் ஜெயித்தது நாம்தான். அவர்கள் 81, நாம் 71.

அதற்காக அவர் அழுதாரா, சட்டையைக் கிழித்துக்கொண்டாரா என்று நான் கேட்கவில்லை. அந்த வருஷம் போனதை நினைத்து அந்தக் கிளப்பில் யாருக்காவது தூக்கம் கெட்டதா? முதலாளி பாஸ்டனில் ஒரு கூட்டத்தில் பேசினார், கோப்பை ஜெயிப்பதுதான் நோக்கம் என்றால் இந்தத் தொழிலுக்கே வரமாட்டார்கள் என்கிற மாதிரி. அதுவும் அதே 2016. அப்படிப்பட்ட முதலாளிக்கு நாலாவது இடம் தருகிற மேனேஜரைவிட வசதியான ஆள் உண்டா?

அண்ணன் கடைசியாக ஃபெர்குசனை எடுத்தான். "அவர் போனதும் யுனைடெட் ஏழாவதுக்குப் போச்சு. அதுதான் வேணுமா உனக்கு?"

ஃபெர்குசன் லீக் சாம்பியனாகப் போனார் அண்ணா என்றேன். வைத்துவிட்டான்.

ஏப்ரல் 2

சிட்டியோடு 2-2. இரண்டு முறை பின்னால் இருந்து திரும்பி வந்தோம். கொஞ்சம் உயிர் இருக்கிறது.

ஏப்ரல் 11, விடியற்காலை

கிரிஸ்டல் பேலஸ் 3, நாம் 0. பேலஸ்! பதினேழாவது இடத்துக்குத் தள்ளாடிக்கொண்டிருக்கிற அணி. டவுன்செண்ட், கபாய், பெனால்ட்டி ஒன்று. அவர்கள் முட்டி மோதி ஆடினார்கள். நாம் பந்தைப் பக்கவாட்டில் உருட்டிக்கொண்டிருந்தோம். பயண ரசிகர்கள், நம் சொந்த ரசிகர்கள், இந்தச் சட்டை போட உங்களுக்குத் தகுதி இல்லை என்று பாடினார்கள். அவ்வளவு தூரம் போகிற, எல்லா ஊருக்கும் போகிற ரசிகர்கள் அவர்கள்.

முடிந்ததும் வால்காட் கேமரா முன்னால் வந்து, எதிரணிக்குத்தான் ஜெயிக்க அதிக ஆசை இருந்தது, ஆரம்பத்திலேயே அது தெரிந்தது என்றார். கையில் கேப்டன் பட்டை கட்டியிருந்தவர் இதைச் சொல்கிறார்.

ஆசை இல்லை. நானும் இத்தனை நாளாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது வீரர்களிடமிருந்து தொடங்கவில்லை.

ஏப்ரல் 12

தூங்கவில்லை.

ஏப்ரல் 18

மிடில்ஸ்பரோவில் 2-1. பின்னால் மூன்று பேர் வைத்து ஆடினோம். இருபது வருஷத்தில் முதல் முறை! மாறமாட்டார், மாறத் தெரியாது என்று எழுதியவர்கள் எல்லோரையும் நினைத்துக்கொண்டேன். அறுபத்தேழு வயதில் ஒரு மனிதர் தன் வாழ்நாள் வழக்கத்தை எடுத்துத் தூர வைத்துவிட்டு வந்து நின்றிருக்கிறார். எனக்கு ஏனோ கண் கலங்கியது.

ஏன் இதை நவம்பரில் செய்யவில்லை?

ஏப்ரல் 23

அரையிறுதி. சிட்டியை 2-1, கூடுதல் நேரத்தில். மொன்ரியால், பிறகு அலெக்ஸிஸ். பின்னால் மூன்று பேர்தான். அண்ணன் ஃபோன் பண்ணினான்! இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை, கத்திக்கொண்டே இருந்தோம்.

ஏப்ரல் 30

பரம எதிரி டாட்டன்ஹாமின் ஒயிட் ஹார்ட் லேனில் 2-0 தோல்வி. அல்லி, கேன். மூன்று நிமிஷ இடைவெளி.

1995-க்கு அப்புறம் முதல் முறையாக அவர்கள் நமக்கு மேலே முடிக்கப் போகிறார்கள். வெங்கர் வந்ததிலிருந்து ஒரு வருஷம்கூட நடக்காதது. அவர்கள் கையிலும் கோப்பை இல்லைதான், எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் ஓடுவதைப் பாருங்கள். இளம் பையன்கள், ஒரே எண்ணம், பந்து போனால் உடனே பிடுங்கப் போகிறார்கள். நாம் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தோம்.

மே 7

யுனைடெட் மேனேஜர் மொரின்யோவை லீகில் வெங்கர் முதல் முறையாக ஜெயித்தார். ஜாக்கா, வெல்பெக். இத்தனை வருஷம் கழித்து.

மே 14

சவுத்தாம்ப்டன், ஸ்டோக், எல்லாம் ஜெயிக்கிறோம். அட்டவணையைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. லிவர்பூல் ஒரு ஆட்டத்தில் தடுக்கினால் போதும்.

நாலாவது இடத்துக்கு இப்படித் தவிக்கிறேன். யார் எனக்கு இதைப் பழக்கியது?

மே 21

எவர்ட்டனை 3-1. கோசியெல்னிக்கு ஆரம்பத்திலேயே சிவப்பு அட்டை, பத்துப் பேரோடு ஆடி ஜெயித்தோம். லிவர்பூலும் 3-0. அவர்கள் 76, நாம் 75. ஐந்தாவது.

போன வருஷம் 71 எடுத்து இரண்டாவது, இந்த வருஷம் 75 எடுத்து ஐந்தாவது. இதை வைத்து அண்ணன் ஏதாவது சொல்வான். சொல்லட்டும். மற்றவர்கள் வேகமாக முன்னே போய்விட்டார்கள் என்பதற்கு இதைவிட என்ன கணக்கு வேண்டும்? நாலாவது இடமே இலக்கு என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் அதுவும் கையில் இருக்காது.

இனி சாம்பியன்ஸ் லீக் இல்லை, வியாழக்கிழமை ராத்திரி அதற்குக் கீழே இருக்கிற ஐரோப்பா லீக்.

மே 25

எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டிக்குத் தடுப்பில் யார்? கோசியெல்னிக்குத் தடை, கப்ரியேலுக்குக் காயம். மெர்ட்டசாக்கர் இந்த வருஷம் ஒரு ஆட்டத்தில்கூடத் தொடக்கத்திலிருந்து ஆடவில்லை. எதிரே செல்சியின் கோஸ்தா, அசார். அவர்கள்தான் லீக் சாம்பியன்.

பயமாக இருக்கிறது.

மே 28, விடியற்காலை

ஜெயித்தோம்! ஜெயித்தோம்! 2-1!

மெர்ட்டசாக்கர்! அந்த நெட்டை மனிதர் முழுக் காலையும் நீட்டி எடுத்த பந்துகளை மட்டும் ஒரு படமாக வெட்டிப் போட வேண்டும். கோஸ்தாவை நிழல் மாதிரி விடவே இல்லை. வருஷம் முழுக்க வெளியே உட்கார்ந்திருந்த ஆளுக்கு இவ்வளவு எங்கிருந்து வந்தது? கோஸ்தா சமன் பண்ணியதும் நெஞ்சு அடைத்தது. மூன்றே நிமிஷம். ஜிரூ அப்போதுதான் உள்ளே வந்தார், பந்தைத் தூக்கிக் கொடுத்தார், ராம்ஸி தலையால்!

கிளப்புக்கு 13-வது எஃப்.ஏ. கோப்பை. வெங்கருக்கு ஏழாவது. வேறு எந்த மேனேஜரும் இத்தனை எடுத்ததில்லை.

அவர் முகத்தைப் பார்த்தேன். இப்படியே போய்விடுங்கள் ஐயா. இந்த ராத்திரியோடு. கோப்பை கையில் இருக்கும்போதே. நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று அனுப்பி வைப்போம், விமானம் விட்டவர்களும் நிற்பார்கள்.

மே 29

அண்ணன் இன்னும் சந்தோஷத்தில் இருக்கிறான். "பார்த்தியா" என்று மட்டும் அனுப்பினான். பார்த்தேன். அதனால்தான் இன்னும் அதிகமாக வலிக்கிறது. இப்படி ஆட முடிகிறவர்களை வைத்துக்கொண்டு பேலஸில் என்ன செய்துகொண்டிருந்தோம்?

மே 30

போர்டு கூடுகிறதாம்.

மே 31

இரண்டு வருஷம்.

மே 31, இரவு

அண்ணன் கூப்பிட்டான், எடுத்தேன். "சரிடா, இனிமே என்ன?" என்றான். சண்டைக் குரல் இல்லை. நானும் சண்டை போடவில்லை.

அவர் இருக்கட்டும். இருக்கப் போகிறார். அப்படியானால் அலெக்ஸிஸ் கையெழுத்துப் போட வேண்டும், ஓசில் போட வேண்டும், இரண்டு பேருக்கும் அடுத்த கோடையோடு முடிகிறது. இருபது கோல் அடிக்கிற முன்கள ஆள் ஒருவர் வேண்டும். நடுக்களத்தில் பந்தைப் பிடுங்குகிற ஒருவர் வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் அவசரத்தில் தேடக்கூடாது, ஜூலைக்குள் வர வேண்டும். அதோடு, அடுத்த வருஷம் இலக்கு என்ன என்று யாராவது ஒருத்தர், மேனேஜரோ முதலாளியோ, வாயைத் திறந்து முதல் இடம் என்று சொல்ல வேண்டும்.