அப்பாவுக்கு இருந்தது ஒரே சிறுநீரகம்

வயிற்று வலி என்று எடுத்த ஸ்கேனில் இரண்டும் சேர்ந்தே தெரிந்தன. அப்பாவுக்குப் பிறவியிலேயே வலது சிறுநீரகம் இல்லை. இருக்கிற இடது சிறுநீரகத்தில் நான்கரை சென்டிமீட்டரில் ஒரு கட்டி. 63 வருடமாக இரண்டின் வேலையையும் அந்தச் சிறுநீரகம் ஒன்றே பார்த்ததால் சற்றுப் பெரிதாகவே வளர்ந்திருந்தது.

முதலில் பார்த்த இடத்தில், "முழுசா எடுத்துடலாம். அப்புறம் வாரம் மூணு தடவை டயாலிசிஸ்" என்றார்கள். ரத்தக் குழாய்கள் நுழையும் இடத்தை ஒட்டிக் கட்டி இருந்ததுதான் காரணம். அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. சிறுநீரகத்தை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் வெட்டி எடுக்கும் அறுவையை நிறையச் செய்த வேறொரு மருத்துவரிடம் படங்களை எடுத்துக்கொண்டு போனேன். ஒற்றைச் சிறுநீரகக்காரர்கள் யாராக இருந்தாலும் சம்மதிக்கும் முன் இப்படி இன்னொரு மருத்துவரிடமும் கேட்டுவிடுங்கள்.

அவர் ஸ்கேன் கவரின் பின்பக்கத்திலேயே வரைந்து காட்டினார். வெட்டும்போது ரத்தம் கொட்டாமலிருக்க, சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியை இடுக்கி போட்டு நிறுத்த வேண்டும். இடுக்கியை எடுக்கும்வரை சிறுநீரகம் பட்டினி. 25 நிமிடத்துக்குள் முடிந்தால் நல்லது. கூடுதலாகும் என்று தோன்றினால் சுற்றிலும் நொறுக்கிய ஐஸை நிரப்பிக் குளிரவைத்துவிட்டுத்தான் வெட்டுவார்களாம். குளிர்ந்தால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். "ஐயா, சில நாள் டயாலிசிஸ் தேவைப்படலாம். ஆனா காப்பாத்த வழியிருக்கு" என்றார். மழுப்பாமல் பேசியதில் அப்பாவுக்குத் தெம்பு வந்தது. கையெழுத்துப் போட்டோம்.

ஐஸ் வைத்து, 38 நிமிடம் ரத்தத்தை நிறுத்தினார்கள். வெட்டிய விளிம்பில் கட்டி மிச்சமில்லை என்று பரிசோதனையில் தெரிந்த பிறகே தைத்தார்களாம்.

ஆபரேஷனைவிட அடுத்த நான்கு நாள்தான் எங்களை வாட்டியது. அம்மா ஒரு கோடு போட்ட நோட்டில் யூரின் பையின் அளவை மணிக்கொரு தரம் எழுதினார். 'ராத்திரி 2 மணி, 45 மில்லி.' பையைத் தூக்காமல், தரையில் உட்கார்ந்து, செல்போன் வெளிச்சத்தில் கோட்டைப் பார்ப்பார். சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு கிரியேட்டினின். 1.3 இருந்த அது மூன்றாம் நாள் 3.1 ஆனது. டயாலிசிஸ் பேச்சு எழுந்தது. யூரின் குறையவில்லை, ரத்தத்தில் பொட்டாசியமும் ஏறவில்லை, பொறுத்துப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். ஐந்தாம் நாள் 2.7. அந்த எண்ணை அம்மா இரண்டு முறை வட்டமிட்டார்.

எடுத்த கட்டியின் பயாப்ஸியில் புற்றுநோய்தான் என்று வந்தது. ஆனால் முழுதும் எடுத்தாயிற்று. இப்போது எட்டு மாதம். கிரியேட்டினின் 1.6-ல் நிற்கிறது. சிறுநீரகத்துக்கு ஆகாது என்று வலி மாத்திரை பக்கமே அப்பா போவதில்லை. அடுத்த ஸ்கேன் மாசியில்.