மைனஸ் ஐந்தரையும் குறுவை அறுப்பும்

செப்டம்பர் 3, புதன்

அத்தை வந்திருந்தார். பேச்சு சுற்றிச் சுற்றி என் கண்ணாடியில் வந்து நின்றது. "லேசர் பண்ணிட்டா போச்சு, அரை மணி நேர வேலையாம். பொண்ணு பாக்க வர்றப்ப முகம் பளிச்சுன்னு இருக்கும்" என்றார். அம்மாவும் தலையாட்டினார்.

எனக்கும் ஆசை உண்டு. ஏழாம் வகுப்பிலிருந்து கண்ணாடி, இப்போது இரண்டு கண்ணிலும் மைனஸ் ஐந்தரை. மழை நாளில் நீடாமங்கலம் சாலையில் வண்டி ஓட்டும் அவஸ்தை போட்டவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் பெண் பார்க்க வருபவர்களுக்காக என் கண்ணில் கை வைக்கச் சம்மதமில்லை. செய்தால் எனக்காகச் செய்வேன்.

செப்டம்பர் 6, சனி

நான் வேலை பார்க்கும் கூட்டுறவுச் சங்க அலுவலகம் விடுமுறை. நாள் முழுக்க இதே படிப்பு.

மைனஸ் பவர் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் விழி சற்று நீண்டிருக்கும்; ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். லேசர் அந்த நீளத்தைத் தொடுவதில்லை. முன்னால் இருக்கும் கருவிழியின் நடுப்பகுதியை இழைத்துக் கொஞ்சம் தட்டையாக்குகிறது, அவ்வளவுதான். அதனால் கண்ணாடி போனாலும் நீண்ட விழிக்கு வரக்கூடிய விழித்திரைக் கிழிசலும் கண்நீர் அழுத்த நோயும் அப்படியே காத்திருக்கும். வருடா வருடம் பரிசோதனை விடக்கூடாது. அத்தையின் 'பண்ணிட்டா போச்சு' இந்த இடத்தில் அடிபடுகிறது. நாற்பதைத் தாண்டினால் படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும் என்பதும் நிச்சயம்.

ஒன்று படித்து மனம் நிறைந்தது. இந்த லேசருக்கு வழி திறந்தவர்களில் ஒருவர் 1929இல் சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன். 1981இல் அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின் மேல் எக்சைமர் லேசரைப் பாய்ச்சிப் பார்த்திருக்கிறார். 193 நானோமீட்டர் புற ஊதா ஒளி, சுற்றியுள்ள தசையைக் கருக்காமல் சுத்தமாக வெட்டியது. பின்னாளில் ஒபாமா கையால் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்ப விருது வாங்கினார். நம் பள்ளிப் பாடத்தில் அவர் பெயர் இருக்க வேண்டும்.

செப்டம்பர் 13, சனி

அப்பாவோடு திருச்சிக்குப் போய் எல்லாச் சோதனையும் எடுத்தாயிற்று. கண் பாப்பாவை விரிக்க ஊற்றிய சொட்டினால் திரும்பி வரும்போது பஸ் டிக்கெட்டில் இருந்த எண்கூடத் தெரியவில்லை.

நான் கேட்க நினைத்த எதையும் டாக்டரம்மா தட்டவில்லை. கருவிழியின் வரைபடத்தைத் திரையில் திருப்பிக் காட்டினார். கூம்பு மாதிரி புடைக்கும் நோயின் சாயல் இருந்தால் லேசர் பேச்சையே எடுக்க மாட்டார்களாம், இழைத்தால் இன்னும் புடைத்துவிடும். எனக்கு அது இல்லை. பவர் ஒரு வருடமாக மாறவில்லை, அதுவும் சரி.

கண்ணீர் சோதனைதான் இடித்தது. கீழ் இமைக்குள் ஒரு சிறு காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்காரச் சொன்னார்கள். பத்து மில்லிமீட்டருக்கு மேல் நனைய வேண்டும், குறைந்தால் கண்ணீர் போதவில்லை என்று பொருள். வலது கண்ணில் பதினொன்று, இடதில் ஏழு.

செப்டம்பர் 14, ஞாயிறு

கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கருவிழி 505 மைக்ரான் தடிமன் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). லாசிக் என்றால் மேலே சுமார் 110 மைக்ரானுக்கு ஒரு மெல்லிய மூடி வெட்டித் திறப்பார்கள். என் பவருக்கு அடியில் ஏறக்குறைய 80 இழைக்க வேண்டும். மிச்சம் 315. முந்நூறுக்கு மேல் நிற்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார், நிற்கிறது. பின்னால் பவர் கொஞ்சம் திரும்பினால் மறுபடி இழைக்கத்தான் இடம் இருக்காது.

மூடி வெட்டாத முறை பிஆர்கே. மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு இழைப்பது. மேல்தோல் ஐம்பது மைக்ரான், அது தானாக வளர்ந்துவிடும். அதைத் தள்ளிப் பார்த்தாலும் அடியில் 375 நிற்கும். ஆனால் முதல் சில நாள் நல்ல வலி, பார்வை தெளிய வாரக்கணக்கில் ஆகும், வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்மைல் என்ற முறையில் சிறு கீறல் வழியே உள்ளிருந்து ஒரு வில்லையை எடுப்பார்கள். செலவு கூடுதல். 7.5க்குக் குறைந்த பவருக்குக் காப்பீட்டில் ஒரு பைசா கிடைக்காது என்பதால் எதுவானாலும் என் கைப்பணம்தான்.

அம்மாவின் பயம் 'கண்ணு போயிட்டா?' என்பது. அது மிக அரிது. என்னை உறுத்துவது இடது கண்ணின் ஏழு. கருவிழியின் நரம்புகள் வெட்டுப்படுவதால் பலருக்கு மாதக்கணக்கில் கண் வறளும், சிலருக்குத் தீராமலே போகும். இரவில் எதிர்வரும் வண்டி விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதும் உண்டு. அலுவலகத்தில் பயிர்க்கடன் பட்டியலைத் திரையில் பார்த்து, இருட்டியபின் வீடு திரும்புகிறவள் நான். இரண்டும் என் பிழைப்பைத் தொடுகிறவை.

செப்டம்பர் 20, சனி

குறுவை அறுப்பு. மெஷின் வயலில் இறங்கியதும் தூசி எழுந்து மேலத்தெரு வரை போனது. களத்தில் நெல்லைத் தள்ளிக் குவித்துக்கொண்டிருந்தேன். சுணை கழுத்திலும் முழங்கையிலும் அரித்தது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு வில்லையிலும் மாவு பூசியதுபோல் படலம், ஓரத்தில் ஒட்டிய ஒரு உமித்துண்டு. அது என் கண்ணுக்குள் போயிருக்க வேண்டியது.

நெல் தாளோ தோகையோ கண்ணில் கீறிப் பூஞ்சைப் புண் வந்து பார்வை இழந்தவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். கண்ணைக் காக்கிற இந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு வெறும் கண்ணோடு களத்தில் நிற்க முடியாது. பவர் போனாலும் அறுப்புக்குப் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று வாங்கியாக வேண்டும். லாசிக் மூடி ஓங்கி ஒரு அடிபட்டால் வருடங்கள் கழித்தும் நகர்ந்துவிடலாம் என்று படித்தபோது பெரிதாகத் தெரியவில்லை. மாட்டுக் கொம்பும் மூங்கில் கழியும் புழங்கும் இடத்தில் நின்று யோசித்தால் தெரிகிறது. லாசிக் எனக்கு வேண்டாம்.

செப்டம்பர் 22, திங்கள்

அப்பாவிடம் எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். நிதானமாகக் கேட்டுவிட்டு, "ஒனக்கு எது சரின்னு படுதோ செய் பாப்பா. காசுக்காகத் தள்ளிப்போடாத" என்றார். அத்தையிடமும் அவரே பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

மூன்று மாதம் சொட்டு மருந்து, திரை பார்க்கும்போது அடிக்கடி கண் சிமிட்டுவது. மார்கழியில் மறுபடி அதே பட்டைச் சோதனை. இடது கண் பத்தைத் தொட்டால் சம்பா அறுப்புத் தூசியெல்லாம் ஓய்ந்தபிறகு பிஆர்கே. தொடாவிட்டால் கண்ணாடியோடே இருப்பேன், அத்தை என்ன சொன்னாலும் சரி.

திருச்சியில் எடுத்த அளவுத் தாள்களை நகலெடுத்து நிலப் பத்திரப் பையில் வைத்துவிட்டேன். லேசர் செய்த கண்ணுக்குப் பிற்காலத்தில் புரை ஆபரேஷன் வந்தால், உள்ளே வைக்கும் லென்ஸ் பவரைக் கணக்கிடப் பழைய அளவுகள் கைகொடுக்குமாம்.