குரலுக்கு ஓராண்டு

பம்பாயில், வெளியூர்த் தொலைபேசி அழைப்புகளை இணைத்துத் தரும் ஒரு டிரங்க் எக்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தபோது எனக்குத் தமிழும் ஆங்கிலமும் மட்டுமே தெரியும். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பலகையின் முன் அமர்ந்துவிட்டால் ஆபரேட்டருக்கு முகம் கிடையாது, குரல் ஒன்றுதான்; என் குரலோ இந்தி எண்களிலேயே தடுக்கி விழுந்தது. 'உன்சட்' என்றால் 59, 'உன்ஹத்தர்' என்றால் 69 என்று பதிவதற்குள் எத்தனையோ அழைப்புகளைத் தவறான எண்ணுக்கு இணைத்து, வேறு ஆளைக் கொடுக்கும்படி மறுமுனையில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நடிகை சுலோச்சனாவுக்கு 1973ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது என்ற செய்தி வந்த அன்று, தேநீர் இடைவேளையில் மூத்த ஆபரேட்டர் ஒருவர், "அவரும் நம் வேலை பார்த்தவர்தான்" என்றார்.

1907இல் புனேயில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்த ரூபி மையர்ஸ்தான் சுலோச்சனா. டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவரை கோஹினூர் கம்பெனியின் மோகன் பவ்னானி ஊமைப்படத்துக்கு அழைத்தார். குரலை மட்டுமே விற்றுப் பிழைத்த ஒரு பெண், குரலே தேவைப்படாத தொழிலுக்குப் போய் அதன் உச்சத்தைத் தொட்டார் என்பது இன்றும் என்னை வியக்க வைக்கிறது. 1927இல் வெளிவந்த 'வைல்ட்கேட் ஆஃப் பாம்பே'யில் மட்டும் அவருக்கு எட்டு வேடங்கள்.

1931இல் அவர் பணியாற்றிய இம்பீரியல் கம்பெனியே 'ஆலம் ஆரா'வைப் பேசும் படமாக எடுத்தபோது, நாயகியானவர் சுபைதா. சுலோச்சனாவுக்கு இந்துஸ்தானி சரளமாக வராது. ஓராண்டு ஒதுங்கியிருந்து அம்மொழியைக் கற்றார். அதை ஓய்வு என்று எவராவது எழுதினால் எனக்கு மனம் ஒப்புவதில்லை. புகழின் உச்சியில் இருப்பவர் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவதைவிடக் கடினமான உழைப்பு எது? 1932இல் 'மாதுரி'யுடன் திரும்பி வந்து, ஊமைப்படங்களில் தாம் ஏற்ற வேடங்கள் சிலவற்றைப் பேசும் படங்களில் மீண்டும் ஏற்றார். 1928இல் மௌனமாக நடித்த அனார்கலியை 1935இல் பேசி நடித்தார்.

அவர் கதையை அறிந்தபின் நானும் ஓராண்டு, பணி முடிந்த பின் தினமும் ஒரு மணி நேரம் இந்தி படித்தேன். பல ஆண்டுகள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, 1953இல் வந்த 'அனார்கலி'யைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அதில் அவர் சலீமின் தாய். அவர் வரும் காட்சிகளில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, ஹெட்செட்டில் கேட்பதுபோல, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.