கொல்லிமலையிலிருந்து ரேடியாலஜிக்கு

மருத்துவ மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி. ரிசல்ட் வந்துவிட்டால் போதும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருக்கும் ஜூனியர்கள் வரிசையாகக் கூப்பிடுவார்கள். "டியூட்டி பார்த்துக்கிட்டே ரேடியாலஜி எப்படிக்கா எடுத்தீங்க?" போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

ரேடியாலஜி, அதாவது எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைக் கண்டறியும் எம்.டி. ரேடியோடயக்னோசிஸ், மூன்று வருடப் படிப்பு. அகில இந்திய ஒதுக்கீட்டில் முன்னணி ரேங்க்காரர்கள் முதலில் எடுத்துக்கொண்டு போகிற பிராஞ்ச்களில் அதுவும் ஒன்று. தனியாரில் நல்ல சம்பளம், வார்டு ரவுண்ட்ஸ் கிடையாது என்று பலரும் காரணம் சொல்வார்கள். எனக்கு அந்த ஆசை வந்தது நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்ததால்.

எங்கள் நிலையத்தில் ஸ்கேன் கிடையாது. செவ்வாய்க்கிழமை ஏ.என். கிளினிக்கில் (கர்ப்பிணிகள் பரிசோதனை) வயிற்றைத் தொட்டுப் பார்த்து, டாப்ளர் கருவியில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டு, ஸ்கேனுக்குக் கீழே போகச் சொல்லி எழுதிக் கொடுப்பேன். கீழே போனால் ஒரு நாள் கூலி போய்விடும். மிளகு பறிக்கிற சமயத்தில் எழுதிக் கொடுத்தால் சீட்டு மடித்தபடியே அடுத்த மாதம் திரும்பி வரும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வந்ததில்லை.

2024 ஜூன் 23 அன்று நடக்க வேண்டிய தேர்வை முந்தைய நாள் இரவு தள்ளிவைத்தார்கள். சேலத்தில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். திங்கட்கிழமை மறுபடி மலையேறி ஓ.பி. பார்த்தேன். புதுத் தேதி ஆகஸ்ட் 11.

அந்த இடைவெளியில் ஒரு ராத்திரி, ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவரை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். வலியே இல்லை, ரத்தப்போக்கு மட்டும். அப்படி வந்தால் நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மறைத்துக்கொண்டு கிடக்கிறதா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். தெரியாமல் உள்பரிசோதனை செய்தால் ரத்தம் கொட்டிவிடும். ஸ்கேன் இருந்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். இல்லை. இரண்டு கையிலும் நரம்பில் பெரிய வென்ஃபிளான் ஊசிக்குழாய் போட்டு, சலைன் ஓடவிட்டு, 108-இல் நானும் ஏறினேன். கீழே இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள். ஸ்டாஃப் நர்ஸ் ஒரு கையால் சலைன் பாட்டிலையும் மறு கையால் ஸ்ட்ரெச்சரையும் பிடித்துக்கொண்டு வந்தார். மாமியார், "டாக்டரம்மா, புள்ள அசையுதான்னு பாருங்க" என்று வளைவுக்கு வளைவு கேட்டார். அடிவாரத்துக் காரவள்ளி வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நாமக்கல்லில் ஸ்கேன் பார்த்த மேடம் திரையை என் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் தடித்த பட்டை, அதன் கீழ் ஓரம் கர்ப்பப்பை வாய்க்கு மேலேயே வந்து நின்றது. என்ன செய்ய வேண்டும் என்று அந்த நிமிடத்திலிருந்து எல்லோருக்கும் தெளிவாகிவிட்டது. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். ரேடியாலஜியா, மகப்பேறா என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்த கேள்வியும் அன்றோடு தீர்ந்தது.

இனி படிப்பு. 200 கேள்வி, 800 மதிப்பெண். சரியென்றால் நாலு, தப்பென்றால் ஒன்று போகும். 2024-இல் தாளை ஐந்து பகுதியாக்கினார்கள். ஒவ்வொன்றிலும் 40 கேள்வி, 42 நிமிடம். நேரம் முடிந்தால் அடுத்த பகுதிக்குத் தள்ளிவிடும், திரும்பிப் போக முடியாது. 'அப்புறம் பார்க்கலாம்' என்று கடைசிவரை ஒதுக்கிவைத்துப் பழகியவர்கள் திணறினார்கள். நான் குவார்ட்டர்ஸில் தினமும் நாற்பது கேள்வியை நாற்பதே நிமிடத்தில் முடித்துப் பழகினேன். வீடியோக்களைக் கீழே போகும்போதே டவுன்லோடு செய்துகொள்வேன், மேலே சிக்னல் நம்ப முடியாது. எத்தனை மணி நேரம் படித்தீர்கள் என்று கேட்காதீர்கள், பிரசவம் வந்தால் அந்த நாள் அதற்குத்தான்.

மலையில் இருந்தால் படிப்பு போச்சு என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரி வரை இருக்கிறதா என்று தினமும் பார்த்து எழுதுகிறவருக்கு, தடுப்பூசிக் குப்பியில் சூடு பட்டால் நிறம் மாறும் வி.வி.எம். அடையாளத்தைப் பார்த்துப் பழகியவருக்கு, சமூக மருத்துவத்தில் பாதி உட்கார்ந்து படிக்க வேண்டியதே இல்லை. மகப்பேறும் அப்படித்தான்.

சர்வீஸ் கோட்டா, அதாவது அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கான பி.ஜி. இட ஒதுக்கீடு பற்றி வெளியில் நிறையப் பேசுகிறார்கள். பி.ஜி. பட்டப் படிப்புகளில் தமிழ்நாட்டில் இருந்த ஒதுக்கீடு 2017-இல் கையைவிட்டுப் போனது, அரசு மருத்துவர்கள் போராடினார்கள். 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, பணியில் இருப்பவர்களுக்குத் தனி ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று சொன்னது. மலை மாதிரி கஷ்டமான பகுதிகளில் வேலை பார்த்தவர்களுக்குத் தரும் ஊக்க மதிப்பெண் வேறு. எடுத்த மார்க்கில் வருடத்துக்கு 10 சதவீதம் வரை, மொத்தம் 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. 400 எடுத்தவருக்கு முழுசாகக் கிடைத்தால் 520. பெரிய வித்தியாசம்தான். "சும்மா வர்ற மார்க்" என்று என்னோடு படித்த நண்பரே சொன்னார். ஒரே ஒரு மழைக்காலம் மலையில் தனியாக டியூட்டி பார்த்துவிட்டு வந்து பேசச் சொன்னேன். ஆனால் அந்த மார்க்கை வாங்கியவர்கள் எம்.டி. முடித்த பிறகு நகரத்து மருத்துவக் கல்லூரிகளிலேயே உட்கார்ந்துவிட்டால், மலைக்காரர்களுக்கு நாம் செய்வது அநியாயம். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

சீட் ஒதுக்கும் கவுன்சலிங்குக்கு இரண்டு விஷயம். பணிச் சான்றிதழில் மலைப்பகுதி என்று சரியாகக் குறித்திருக்கிறார்களா, தேதிகள் சரியா என்று விண்ணப்பத்துக்கு முன்பே பாருங்கள். விருப்பப் பட்டியல் போடும் சாய்ஸ் ஃபில்லிங்கில் காலேஜ் பெயருக்காக பிராஞ்சை விட்டுவிடாதீர்கள். மாநிலத்தில் ரேடியாலஜி இருந்த காலேஜ் எல்லாவற்றையும் முதலில் போட்டேன். அதற்குக் கீழேதான் மகப்பேறு.

இப்போது நான் பார்க்கும் கர்ப்பிணி ஸ்கேன் ஒவ்வொன்றுக்கும் கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டப்படியான எஃப் படிவம் நிரப்பி, நஞ்சுக்கொடியின் கீழ் ஓரத்தை அளந்து எழுதுகிறேன். படிப்பு முடிந்ததும் மலையடிவாரத்து மருத்துவமனை ஒன்றைத்தான் கேட்கப்போகிறேன். அங்கே ரேடியாலஜிஸ்ட் பணியிடம் வேண்டும் என்று மருத்துவர்கள் சங்கத்தில் இப்போதே எழுதிக் கொடுத்திருக்கிறேன். மலைப்பகுதிகளில் இருக்கிற நீங்களும் உங்கள் மாவட்டத்துக்கு எழுதிக் கொடுங்கள்.