ரெஃப்ரீ கண்டுபிடித்த ஓட்டை

விலையில் மோதிக்கொள்ள வேண்டிய நிறுவனங்கள் எப்போது ரகசியமாகக் கைகோக்கும்? இதுதான் என் முதல் ஆய்வுக் கட்டுரையின் கேள்வி. அச்சேற மூன்று வருடம் ஆனது. அதில் பாதி நானாக இழுத்துக்கொண்ட வினை.

ஆரம்பம் பாடப்புத்தகக் கணக்கு. ஒரே பொருளை விற்கும் இரண்டு நிறுவனங்கள் விலையை உயர்த்தி வைத்தால் ஆளுக்குப் பாதி லாபம். ஒருவர் சற்றே விலையைக் குறைத்து ஏமாற்றினால் அந்தச் சுற்றின் முழு லாபமும் அவருக்கே. அப்புறம் என்றென்றும் விலைப்போர், லாபம் பூஜ்யம். அடுத்த சுற்றில் வரும் 1 ரூபாய் லாபம் இன்றைக்கு 50 பைசாவாவது பெறும் என்று இருவரும் நினைத்தால் கூட்டு நிலைக்கும். அந்த 0.5-தான் எல்லை. மூன்று நிறுவனம் என்றால் 0.67.

நான் இதில் உற்பத்தித் திறனுக்கு ஒரு வரம்பு வைத்தேன். இலவசமாகக் கொடுத்தால் 100 பேர் வாங்குவார்கள், விலை ஏற ஏற ஒரே சீராக ஆள் குறையும், ஒவ்வொரு நிறுவனத்தாலும் 40 பேருக்குத்தான் தர முடியும், உற்பத்திச் செலவு கிடையாது. ஏமாற்றுபவரால் சந்தை முழுவதையும் வளைக்க முடியாதே, அதனால் ஏமாற்றும் ஆசை குறையும். எல்லை 0.375-க்கு இறங்கியது. திறன் குறைந்தால் கூட்டு வலுப்படும் என்று தலைப்பிலேயே பெருமையாக அறிவித்துவிட்டேன்.

முதல் ஆய்விதழ், கட்டுரையை மதிப்பிடும் சக ஆய்வாளரான ரெஃப்ரீக்கே அனுப்பாமல் மூன்று வாரத்தில் திருப்பிவிட்டது. இரண்டாவது இதழில் எட்டு மாதம் காத்திருந்தேன். வந்தவை இரண்டு அறிக்கைகள். ஒன்று அரைப் பக்கம், பாராட்டு மாதிரி ஏதோ. மற்றது நான்கு பக்கம்.

அதன் சாரம் இது: விலைப்போரில் லாபம் பூஜ்யம் என்பதைப் பழைய மாதிரியிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறேன். எதிராளி இலவசமாகவே கொடுத்தாலும் அவரால் 40 பேருக்குத்தான் தர முடியும். மிச்சமிருப்பவர்களிடம் நான் விலையை ஏற்றி விற்கலாமே? அப்படியானால் பூஜ்ய விலை நாஷ் சமநிலையே இல்லை, அதாவது தான் மட்டும் மாறி யாரும் கூடுதல் லாபம் பார்க்க முடியாத நிலை அல்ல. பொருளியலாளர் எட்ஜ்வொர்த் 1897-லேயே காட்டிய விஷயம்.

இரண்டு நாள் அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. பிறகு உட்கார்ந்து கலப்பு உத்திச் சமநிலையை, அதாவது இருவரும் விலையைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுக்கும் சமநிலையை, கணக்கிட்டேன். விலைப்போரிலும் கணிசமான லாபம் மிஞ்சுகிறது. ஏமாற்றியவருக்கு விலைப்போர் என்ற தண்டனைக்குப் பல் இல்லை. எல்லை 0.68. என் முடிவு தலைகீழாகிவிட்டது: இந்த மாதிரியில் திறன் குறையக் குறையக் கூட்டு பலவீனப்படுகிறது.

சரி, அதையே எழுதிவிடலாம் என்றால் அதே ரெஃப்ரீ இன்னொரு கட்டுரையையும் காட்டியிருந்தார். திறன் வரம்புள்ள விலைக் கூட்டைப் பற்றி பொருளியலாளர்கள் பிராக்கும் ஷைன்க்மனும் 1985-லேயே எழுதியது. நான் படித்திருக்க வேண்டும், படிக்கவில்லை. எனவே ஏமாற்றியது ஒரு சுற்று தாமதமாகத் தெரியவந்தால் என்ன ஆகும் என்பதைக் கட்டுரையின் மையமாக்கினேன். வரம்பே இல்லாத இரண்டு நிறுவனத்துக்கும் அப்போது எல்லை 0.71 ஆகிவிடுகிறது. வரம்பையும் தாமதத்தையும் சேர்த்துப் பார்த்தவர்கள் என் கண்ணில் படவில்லை. இந்த முறை நிஜமாகவே தேடினேன்.

ஒவ்வொரு கருத்துக்கும் பதில் எழுதியதில் கடிதமே கட்டுரையை விட நீளமாகிவிட்டது. தலைப்பையும் மாற்றினேன். இரண்டாம் சுற்றில் அந்த நான்கு பக்கக்காரர் அனுப்பியது ஒரே வரி: இரண்டாம் துணைத்தேற்றத்தில் ஒரு கீழ்க்குறி தவறு.