பக்கத்து ஊராட்சிக்குக் கணக்குப் பார்க்கப் போனேன்

நூறு நாள் வேலைக்கு சமூக தணிக்கை என்று ஒன்று நடப்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும், அதில் என்னதான் செய்கிறார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. வருஷா வருஷம் யாரோ நாலு பெண்கள் ஃபைல் தூக்கிக்கொண்டு வருவார்கள், ஒரு வாரம் தெருத்தெருவாகச் சுற்றுவார்கள், கடைசி நாள் கோயில் முன்னால் ஷாமியானா போட்டு மைக்கில் ஏதோ படிப்பார்கள், நாங்கள் கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். 2024 பிப்ரவரியில் அந்த நாலு பெண்களில் ஒருத்தியாக நானே போக வேண்டி வந்தது. மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறேன், பிளஸ் டூ முடித்திருக்கிறேன், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர் என்பதால் என் பேரைக் கொடுத்திருந்தார்கள். சொந்த ஊராட்சியைத் தணிக்கை செய்ய முடியாது, 2011-ல் வந்த விதியிலேயே அது இருக்கிறது. அதனால் தருமபுரி மாவட்டத்தில் எங்கள் ஒன்றியத்தின் இன்னொரு கோடியில் இருக்கும் ஓர் ஊராட்சி எனக்கு விழுந்தது. பேர் வேண்டாம்.

முதல் நாள் ஊராட்சி அலுவலகம். செயலர் தம்பி (பழைய ஆட்கள் இன்னும் கிளார்க் என்றுதான் சொல்கிறார்கள்) ஏழு பதிவேடுகளையும் மேசையில் அடுக்கி வைத்திருந்தார். வேலை அட்டை வாங்கியவர்கள், வேலை கேட்டவர்கள், கிராம சபை, வேலைகள், உருவான சொத்துகள், வாங்கிய பொருட்கள், புகார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவேடு. புகார்ப் பதிவேட்டைப் புரட்டினால் ஒரு வரி இல்லை. ஒரு வருஷமாக ஒருத்தருக்கும் ஒரு குறையும் இல்லாத ஊர்! எங்களோடு வந்த வட்டார அலுவலர் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "இதையே முதல்ல எழுதிக்கோங்க."

நாங்கள் பார்க்க வேண்டியது 2022-23 வருஷத்துக் கணக்கு. வேலை என்னவோ எளிதுதான். வருகைப் பட்டியலில், அதாவது என்.எம்.ஆரில், யாருக்கு எத்தனை நாள் என்று இருக்கும். அதே நாட்கள் அவரவர் அட்டையிலும் இருக்க வேண்டும், வங்கியில் ஏறிய பணமும் அதற்குப் பொருந்த வேண்டும், கடைசியாக அந்த ஆளே "ஆமா, போனேன்" என்று சொல்ல வேண்டும். முதல் மூன்றும் பெரும்பாலும் பொருந்திவிடும், ஏனென்றால் மூன்றையும் எழுதுகிறவர்களுக்கு அது எப்படி இருக்க வேண்டும் என்று தெரியும். நாலாவதுதான் கதை.

அட்டையெல்லாம் எங்கே என்று கேட்டோம். வீட்டில் இல்லை. பணித்தளப் பொறுப்பாளர் ஒரு மஞ்சள் பையில் மொத்தமாகக் கொண்டு வந்து கொட்டினார், பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. "அவங்க தொலைச்சிடுவாங்கன்னு நாங்களே வெச்சிருக்கோம்" என்றார். பிரித்துப் பார்த்தால் எல்லா அட்டையிலும் ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வு. ஏப்ரலில் தொடங்கி மார்ச் வரை பன்னிரண்டு மாதத்தையும் ஒரே உட்காரலில் எழுதிய மாதிரி மசி ஒரே அடர்த்தியில் இருந்தது. அட்டை தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "உன் அட்டை எங்கம்மா?" என்றேன். "பொறுப்பாளர் கிட்ட இருக்கு, எதுக்கு?" என்றார். ஊர்க்கணக்குப் பார்க்கப் போகிறவள் வீட்டு லட்சணம் இது.

இரண்டாம் நாளிலிருந்து வீடு வீடாகப் போனோம். புளி சீசன். எந்தத் திண்ணையைப் பார்த்தாலும் பெண்கள் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் வரும், கை நிற்காது. "ஜூன் மாசம் ரெண்டாவது வாரம் வேலைக்குப் போனீங்களாம்மா?" என்று கேட்டால் யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்? அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன், அடுத்து போகிறவர்களுக்கு உதவும். தேதி கேட்காதீர்கள். எந்த ஏரிக்கரையில் வேலை, எந்தத் திருவிழாவுக்கு முந்தி, களி கிண்டி எடுத்துக்கொண்டு போன நாளா, யார் பக்கத்தில் நின்றீர்கள் என்று கேளுங்கள். எல்லாம் வரும். கூலியைப் பற்றியும் கேட்காமலேயே வரும். அந்த வருஷம் அறிவித்த கூலி 281 ரூபாய், ஆனால் தோண்டியதை அளந்து போடுவதால் கையில் ஏறியது அதைவிடக் குறைவு. அதை விளக்கிச் சொல்ல, வேலையை அளக்கிற ஓவர்சியர் வந்ததே இல்லை என்று ஒரு தெருவே சொன்னது.

அப்படிப் போகும்போதுதான் அந்த வீடு. அட்டையில் கணவர் பேரும் மாமியார் பேரும். வருகைப் பட்டியலில் கணவருக்கு 38 நாள் வேலை. வீட்டில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "அவரு பெங்களூர்ல சென்ட்ரிங் வேலைக்குப் போய் மூணு வருஷம் ஆச்சுங்களே" என்றாள். எனக்குத் திக்கென்றது, முதல் மீன் மாட்டிவிட்டது என்று கொஞ்சம் சந்தோஷமும் வந்தது, உண்மையைச் சொல்ல வேண்டுமே. அடுத்து அவள் சொன்னாள்: "வேலைக்கு நான் போறேங்க்கா. என் பேரு எங்க அம்மா ஊட்டு அட்டையிலதான் இருக்கு. இங்க சேர்க்கச் சொல்லி எழுதிக் குடுத்து ஒண்ணரை வருஷம் ஆச்சு." பணம்? கணவர் கணக்கில் ஏறுகிறது, ஏ.டி.எம். கார்டு பெங்களூரில் இருக்கிறது. "வேலை நான் செய்யறேன், மெசேஜ் அவருக்குப் போவுது." புளி தட்டுகிற கை அப்போது மட்டும் நின்றது. போகும்போது வாசல் வரைக்கும் வந்து, "இதை எழுதிடாதீங்க்கா, பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லிடுவாங்க" என்றாள்.

அன்று ராத்திரி எங்கள் நாலு பேருக்குள் பெரிய வாக்குவாதம். தணிக்கையில் கண்டதை நாலு வகையாகப் பிரித்து எழுத வேண்டும்: நிதி முறைகேடு, நிதி விலகல் (பணத்தை விதிக்கு மாறாகச் செலவழித்தது), நடைமுறை மீறல், குறை. ஊரிலேயே இல்லாத ஆள் பேரில் பணம் போயிருக்கிறது, அதனால் இது முறைகேடு என்று இரண்டு பேர். மண் தோண்டியிருக்கிறாள், பக்கத்தில் நின்ற ஐந்து பெண்கள் சாட்சி சொல்கிறார்கள், இதை எப்படித் திருட்டு என்று எழுதுவது என்று நான். வட்டார அலுவலர் அம்மாவுக்கு போன் போட்டோம். "எழுதாம விடாதீங்க, அது மட்டும் தப்பு. என்ன நடந்துச்சோ அதை முழுசா எழுதுங்க" என்றார். அப்படியே செய்தோம். வேறு ஆள் பேரில் வருகை போட்டது நடைமுறை மீறல் என்று ஒரு பத்தி, பேர் சேர்க்கக் கொடுத்த மனு ஒன்றரை வருஷமாகக் கிடப்பில் இருப்பது குறை என்று இன்னொரு பத்தி. வகையை மாற்றி எழுதினால் தப்பு வேறு ஆள் தலையில் விழும் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

வேலைகளை அளந்தது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டேப்பைப் பிடித்துக்கொண்டு கரட்டில் ஏறினோம். அளவுப் புத்தகத்தில் 180 மீட்டர் என்றிருந்த கல்வரப்பு எங்கள் டேப்புக்கு 142 மீட்டர்தான் வந்தது. மீதிக் கல்லை ஆட்டுக்காரர்கள் பட்டிக்கு எடுத்துப் போய்விட்டார்கள் என்றார்கள். இருக்கலாம். ஆனால் வரப்பு முடிகிற இடத்தில் கல் எடுத்த தடமே இல்லை, புல் பழைய புல். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டோம். பண்ணைக்குட்டைகள் சரியாக இருந்தன, இரண்டில் தண்ணீர்கூட இருந்தது. நல்லதையும் எழுத வேண்டும், எழுதினோம். காலையிலும் மதியமும் செல்போனில் போட்டோ எடுத்து வருகை போடுவது 2023 ஜனவரி முதல் கட்டாயமாகியிருந்தது, ஆனால் கரட்டில் சிக்னல் கிடையாது. பொறுப்பாளர் பெண் ஒரு பாறை மேல் ஏறி நின்றால்தான் போட்டோ போய்ச் சேருமாம், அந்தப் பாறையையும் காட்டினாள். பாவம், எல்லாத் திட்டும் அவளுக்குத்தான் விழுகிறது.

கடைசி நாள் சிறப்பு கிராம சபை. மூவாயிரம் பேருக்கு மேல் உள்ள ஊராட்சி, 200 பேர் வந்தால்தான் சபை செல்லும். பதினொரு மணிக்கு அறுபது பேர். அப்புறம் யாரோ ஆட்டோவில் மைக் கட்டிப் போனார்கள், வேலைத்தளத்திலிருந்தே எல்லாரும் வந்தார்கள், மண்வெட்டியோடு. தணிக்கை சபைக்கு ஊராட்சித் தலைவர் தலைமை வகிக்கக் கூடாது, ஊரில் வயதான ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓர் ஆயாவைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பல்லில் பழுப்புக்கறை, எங்கள் மாவட்டத்து போர்வெல் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடின் முத்திரை, அந்த வயதுக்காரர்களில் பலருக்கு உண்டு. முதலில் உட்கார மாட்டேன் என்றார், தலைவர் நிற்கும்போது நான் எப்படி உட்கார்வது என்று. உட்கார்ந்த பிறகு எழுந்திருக்கவில்லை.

நான் படித்தேன். கை நடுங்கியது. கல்வரப்புப் பத்தி வந்ததும் ஓவர்சியர் எழுந்து மறு அளவு செய்யலாம் என்றார், சரி, அதையும் தீர்மானத்தில் எழுதுங்கள் என்றோம். நடுவில் ஒருவர் எழுந்து, ஒகேனக்கல் தண்ணீர் எங்கள் தெருவுக்கு ஏன் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருகிறது என்று கேட்டார். 2013-லிருந்து கூட்டுக்குடிநீர்த் திட்டம் ஓடுகிறது, தணிக்கைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் மக்களுக்குக் கூட்டம் என்றால் எல்லாம் ஒரே கூட்டம்தான். அதில் ஒரு கால் மணி நேரம் போனது.

அந்த 38 நாள் பத்தியை நான் வீட்டுக்காரர் பேர் சொல்லாமல் அட்டை எண் மட்டும் சொல்லிப் படித்தேன். ஊருக்கு அது போதாதா? எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. கூட்டத்தின் பின்னாலிருந்து அவளே எழுந்து, "நான்தாங்க போனேன்" என்றாள், அவ்வளவுதான். தலைவர் மைக்கை வாங்கி, "அந்தப் பொண்ணு வேலை செஞ்சது ஊருக்கே தெரியும், இதுல முறைகேடு எதுவும் இல்ல" என்றார். நாற்காலியில் இருந்த ஆயா, மைக் இல்லாமலேயே, "ஊருக்கே தெரிஞ்சா அவ பேரை எழுதறதுல உங்களுக்கு என்னப்பா கஷ்டம்?" என்றார். தீர்மானப் புத்தகத்தில் அந்தக் கேள்வியை அப்படியே எழுத முடியாது, "பெயர் சேர்க்க நடவடிக்கை எடுக்க சபை கோருகிறது" என்றுதான் வந்தது. எழுதி முடித்து, கீழே காலி இடத்தில் கோடு கிழித்த பிறகுதான் கையெழுத்து வாங்கினோம். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். "கையெழுத்துப் போடுங்க, நாங்க நிதானமா எழுதிக்கிறோம்" என்று ஒரு குரல் எங்கிருந்தாவது வரும்.

பிறகு நடந்தவை மெதுவாக நடந்தன. நாங்கள் எழுதிய பத்திகள், அவற்றின் மேல் முடிவெடுக்கிற மாவட்ட உயர்மட்டக் குழுவுக்குப் போயின. நடுவில் நாடாளுமன்றத் தேர்தல் வந்ததால் எல்லாம் நின்றது. பல மாதம் கழித்து விசாரித்தபோது கல்வரப்பை மறுபடி அளந்து வித்தியாசத் தொகையைக் கட்டச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண்ணின் பெயரைச் சேர்த்தாகிவிட்டது, அதனால் அந்தப் பத்தியை முடிந்தது என்று நீக்கிவிட்டார்கள். ஒன்றரை வருஷம் நடக்காதது எழுதிப் படித்த பிறகு நடந்தது. அந்தப் பெண்ணுக்குத் தனியாக வங்கிக் கணக்கும் ஆகிவிட்டதா என்று கேட்டேன், ஆகிவிட்டது என்றார்கள்.

எங்கள் ஊருக்கு வருகிறேன். அம்மா அட்டையை நானே போய்க் கேட்டு வாங்கினேன், சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் வரவு செலவை படிவம் 30-ல் எழுதி மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், ஃபிளெக்ஸ் கட்டியும் இருந்தார்கள், மைக்செட் பெட்டிக்குப் பின்னால். பெட்டியை நகர்த்தச் சொன்னேன். கணக்கு எண் 2 என்பது கரண்ட் பில்லும் குடிநீர் வாரியத்துக்குக் கட்ட வேண்டியதும் போகிற கணக்கு, அதில் மாதவாரி விவரம் வேண்டும் என்று கேட்டேன். செயலர் எங்கள் தெருப் பையன்தான். "அக்கா, நீங்க அடுத்த ஊர்லதானே கணக்கு கேட்பீங்க?" என்றான். கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன். விவரம் மூன்று வாரம் கழித்து வந்தது. ஜெராக்ஸில் இரண்டாம் பக்கம் தெரியவில்லை, மறுபடி கேட்டிருக்கிறேன்.